சம்பளத்தில் ஓடும் சைக்கிள்

ராஜ்ய தந்திரத்தில் சாமம், தானம், பேதம், தண்டம் என்று நான்கு உபாயங்கள் உண்டு. இவற்றில் வரி எதைச் சேர்ந்தது என்பதில் நம் முன்னோர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை போலும். வரி வசூலிப்பதை 'வரி தண்டுதல்' என்றார்கள். வசூலிக்க வருகிறவரைத் 'தண்டல்காரர்' என்றார்கள். அவர் தெருக்கோடியில் தலையைக் காட்டியதும் கொல்லைப்புற வழியாக வெளியேறியவர்களின் சந்ததியார்தாம் நாம் எல்லோரும்.

அப்படிப்பட்ட தண்டத்தையே தானமாக மாற்றிக் காட்டும் வித்தை ஒன்று பிரிட்டனில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. உத்தியோகத்துக்குச் சைக்கிளில் போகிறேன் என்று சொல்லும் மனிதனுக்கு, சைக்கிள் விலையில் ஒரு பகுதியை வருமான வரியிலிருந்து சர்க்கார் விட்டுக் கொடுக்கிறது. வண்டியை வாங்கித் தருகிறவர் முதலாளி. விலையைக் கொடுக்கிறவர் தொழிலாளி. நடுவில் வரி இலாகா கண்ணை மூடிக் கொள்கிறது. கேட்பதற்குப் புராணக் கதை போல இருந்தாலும் இது சட்டப் புத்தகத்தில் உள்ள சமாசாரம்.

நம் குடும்பங்களிலிருந்து வைத்தியர்களாகவும் நர்ஸுகளாகவும் எஞ்சினீயர்களாகவும் அந்தத் தேசத்துக்குப் போயிருப்பவர்கள் அநேகர். "ஆபீஸிலேயே சைக்கிள் கொடுக்கிறார்கள் அம்மா, மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்களாம். வாங்கலாமா?" என்று பிள்ளையோ பெண்ணோ கேட்டால், என்ன பதில் சொல்வது? ஆகவே இந்த ஏற்பாட்டின் உள்ளும் புறமும் தெரிந்து கொள்வது நல்லது.

* * *

சைக்கிளுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள உறவு பழமையானது. இன்று நாம் காணும் உருவத்தில், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் வண்டியை 1885-ம் வருஷத்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் வெளியிட்டார். மூன்று வருஷம் கழித்து பெல்ஃபாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு நாட்டிங்ஹாமிலிருந்து ராலேயும் பர்மிங்ஹாமிலிருந்து ஹெர்குலிஸும் கப்பலேறி நம் ஊர்த் தெருக்களுக்கு வந்து சேர்ந்தன. 1949-ம் வருஷத்தில் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி ஏற்பட்டு, ஹெர்குலிஸ் வண்டியை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

ஆனால் சைக்கிளை உலகத்துக்கு விற்ற தேசம் தன் வீட்டில் அதை மறந்து விட்டது. மோட்டார் பெருகப் பெருக, மிதித்துக் கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் குறைந்து போனார்கள். தெருவில் நெரிசல், காற்றில் புகை, மனிதர்களுக்கு வயிற்றில் தொந்தி. இந்த மூன்று வியாதிக்கும் ஒரே மருந்தாகச் சைக்கிளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் 1999-ம் வருஷத்து நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் கார்டன் பிரௌன்.

சாதாரணமாக முதலாளி தன் ஆளுக்கு ஒரு பொருளை உபயோகத்துக்குக் கொடுத்தால், அதுவும் வருமானந்தான் என்று வரி இலாகா கணக்கில் எழுதிக் கொள்ளும். சைக்கிளையும் அதற்குரிய தலைக்கவசம், விளக்கு, பூட்டு முதலியவற்றையும் இரவலாகக் கொடுத்தால் மட்டும் அப்படி எழுதக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் சாரம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. இந்தச் சலுகை ஆபீஸிலுள்ள எல்லோருக்கும் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும். வண்டியின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் வேலை சம்பந்தமான பிரயாணமாக இருக்க வேண்டும். மைல் கணக்கு எழுதி வைக்கச் சொல்லி யாரும் தொந்தரவு செய்வதில்லை. 2020-ல் கோவிட் வந்து ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தபோது, முன்பே வண்டி எடுத்தவர்களுக்கு இந்த இரண்டாவது நிபந்தனையை 2022 ஏப்ரல் வரையில் தளர்த்தியும் கொடுத்தார்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சலுகைக்குத் துணையாக இன்னொரு சலுகையும் இருந்தது. சைக்கிளில் வருகிறவர்களுக்கென்று குறித்த நாட்களில் முதலாளி காலைச் சிற்றுண்டி போட்டால் அதற்கும் வரியில்லை! ரொட்டித் துண்டுக்கும் சட்டத்தில் இடம் கொடுத்த அந்தத் தாராளம் 2013-ம் வருஷத்தோடு ரத்தாகி விட்டது. சைக்கிள் மட்டும் தப்பிப் பிழைத்தது. 2017-ல் இந்த மாதிரிச் சம்பளச் சலுகைகள் பலவற்றை வெட்டினார்கள். அப்போதும் சைக்கிளின் மேல் கத்தி விழவில்லை.

* * *

பணம் எப்படி மிச்சமாகிறது என்பதைப் பார்ப்போம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'சம்பளத் தியாகம்' என்று ஆகும். தியாகம் என்ற சொல்லைச் சிறை சென்றவர்களுக்கும் சொத்தை இழந்தவர்களுக்கும் உபயோகித்துப் பழகிய நமக்கு, சைக்கிள் வாங்குவதற்கு இத்தனை பெரிய வார்த்தையா என்று தோன்றும். அதன் தாத்பரியம் இவ்வளவுதான்: "எனக்கு மாதம் இவ்வளவு சம்பளம் குறைத்துக் கொடுங்கள், அதற்குப் பதிலாக ஒரு சைக்கிளை வாடகைக்குக் கொடுங்கள்" என்று முதலாளியிடம் எழுதிக் கொடுப்பது. குறைந்த சம்பளத்துக்கு வரியும் குறைவு. தேசீய இன்ஷ்யூரன்ஸ் சந்தாவும் குறைவு.

960 பவுன் விலையுள்ள ஒரு வண்டியை எடுத்துக் கொள்வோம். (பவுன் என்றதும் நகைக் கடையை நினைத்துக் கொள்ள வேண்டாம்; இது பிரிட்டிஷ் நாணயம்.) பன்னிரண்டு மாத வாடகை என்றால் மாதம் 80 பவுன். இங்கிலாந்தில் 2025-26 வரி ஆண்டின் விகிதப்படி, நடுத்தரச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கு வருமான வரி 100-க்கு 20. இன்ஷ்யூரன்ஸ் சந்தா 100-க்கு 8. ஆகவே 80 பவுன் வாடகையில் 22.40 பவுன் அவர் சர்க்காருக்குக் கட்டியிருக்க வேண்டிய பணம். அவர் கைக்கு வரும் சம்பளத்தில் குறைவது 57.60 பவுன்தான். வருஷ முடிவில் அவர் கொடுத்தது 691.20 பவுன், மிச்சம் 268.80.

அவருடைய மேலதிகாரியின் கணக்கு வேறு. வருஷத்துக்கு 50,270 பவுனுக்கு மேல் சம்பாதிக்கிறவருக்கு அந்த மேல் பகுதியில் வரி 100-க்கு 40, சந்தா 100-க்கு 2. அதே வண்டிக்கு அவருக்கு மாதம் 46.40 பவுன்தான் குறையும், வருஷத்தில் 403.20 பவுன் மிச்சம்.

முதலாளிக்கும் ஆதாயம் உண்டு. தொழிலாளியின் சம்பளத்தின் பேரில் அவர் தம் பங்காகக் கட்டும் இன்ஷ்யூரன்ஸ் சந்தா 2025 ஏப்ரல் முதல் 100-க்கு 15. சம்பளத்தில் 960 பவுன் குறைந்தால் அவருக்கு 144 பவுன் லாபம். முதலாளிமார்கள் இந்த ஏற்பாட்டைப் பற்றி உற்சாகமாகச் சுவரொட்டி ஒட்டுவதற்குத் தொழிலாளியின் தேக ஆரோக்கியத்தில் உள்ள அக்கறை ஒன்றே காரணம் என்று எண்ண வேண்டியதில்லை.

* * *

இதுவரையில் எல்லாம் இனிப்பு. இனிமேல்தான் மிளகாய்.

வருஷம் முடிந்ததும் குமாஸ்தா, "வண்டி இனி என்னுடையதுதானே?" என்று கேட்கிறார்.

"உம்முடையது அல்ல ஐயா! நீர் கொடுத்ததெல்லாம் வாடகைதானே?" என்கிறது ஆபீஸ்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சட்டம் வரி விலக்குக் கொடுப்பது இரவலுக்கு, தானத்துக்கு அல்ல. 'முடிவில் வண்டி உனக்கே' என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் அது தவணை வியாபாரமாகி, சலுகையின் அஸ்திவாரமே ஆட்டங் கண்டு விடும். ஆகவே அந்த வாக்குறுதியை யாரும் எழுத்தில் கொடுப்பதில்லை. வாடகைக் காலம் முடிந்த பிறகு, நியாயமான மார்க்கெட் விலை கொடுத்து வாங்கிக் கொள்ளலாம்.

நியாயமான விலை எது? முன்பெல்லாம் பல கம்பெனிகள் பெயருக்கு ஒரு சொற்பத் தொகையை வாங்கிக் கொண்டு வண்டியைக் கொடுத்து வந்தன. 2010-ம் வருஷத்தில் வரி இலாகா விழித்துக் கொண்டு ஓர் அட்டவணை வெளியிட்டது. 500 பவுனும் அதற்கு மேலும் விலையுள்ள வண்டியானால், ஒரு வருஷம் ஆனதற்கு 100-க்கு 25, இரண்டு வருஷத்துக்கு 17, மூன்றுக்கு 12, நான்குக்கு 7, ஐந்துக்கு 2. ஆறு வருஷமானால் மதிப்பு இல்லையென்றே வைத்துக் கொள்ளலாம்.

நம் குமாஸ்தா ஆத்திரப்பட்டு ஒரு வருஷ முடிவிலேயே வாங்கினால் 240 பவுன் கொடுக்க வேண்டும். மிச்சம் பிடித்தது 268.80. அதில் 240 போனால் பாக்கி 28.80 பவுன். ஒரு வருஷம் பொறுத்துக் கொண்டு, காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, கடைசியில் ஒரு நல்ல பூட்டின் விலைதான் ஆதாயம்.

இதற்கும் ஒரு மாற்று வழி கண்டு பிடித்திருக்கிறார்கள். வருஷ முடிவில் 100-க்கு 7 வீதம், அதாவது 67.20 பவுன், முன்பணமாகக் கட்டி விட்டு, வாடகையில்லாமல் இன்னும் மூன்று வருஷம் வண்டியை வைத்துக் கொள்வது. நான்காவது வருஷ முடிவில் முன்பணமே விலையாகி, வண்டி சொந்தமாகி விடும். இந்த வழியில் குமாஸ்தாவுக்கு மொத்தச் செலவு 758.40 பவுன், மிச்சம் 201.60. ஐந்தில் ஒரு பங்குக்குச் சிறிது அதிகம். பொறுத்தவர் சைக்கிள் ஆள்வார் என்று வைத்துக் கொள்ளலாம்.

இன்னும் சில முட்கள் உண்டு. நடுவில் வேலையை விட்டால், பாக்கி வாடகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்கள். அந்தப் பாக்கிக்கு வரிச் சலுகை கிடையாது. வண்டி திருட்டுப் போனாலும் வாடகை ஓடிக் கொண்டே இருக்கும். ஆகையால் இன்ஷ்யூர் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்கலாகாது. சம்பளம் குறைவதால் அதை அடிப்படையாகக் கொண்ட பென்ஷன் தொகையும் சில இடங்களில் குறையும். பிரசவ காலத்துக்குச் சட்டப்படி கிடைக்கும் படி, அதற்கு முந்திய குறிப்பிட்ட எட்டு வாரச் சராசரிச் சம்பளத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவது. அந்த வாரங்களில் சைக்கிள் வாடகையும் பிடிக்கப்பட்டால் படியிலும் துண்டு விழும். வேலை பார்க்கும் பெண்கள் இதை மறக்கக் கூடாது.

சைக்கிள் கடைக்காரருக்கும் ஒரு குறை. இந்த ஏற்பாடு பெரும்பாலும் இடைத் தரகுக் கம்பெனிகள் மூலமாக நடக்கிறது. வண்டி விலையில் ஒரு பங்கைத் தரகாக அவர்கள் கடைக்காரரிடமிருந்து கழித்துக் கொள்கிறார்கள். பெரிய கடை தாங்கும். மூலைக் கடைக்குச் சிரமம். தள்ளுபடி விலையில் உள்ள வண்டியை இந்தச் சீட்டுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவர் கையை விரித்தால் அவரைக் கோபித்துப் பயனில்லை.

* * *

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் தப்பித்துக் கொள்வான். படித்துப் பார்த்தாலும் தப்ப முடியாத பெரிய குறை ஒன்று இருக்கிறது.

அந்த ஆபீஸில் மேலதிகாரிக்கும் குமாஸ்தாவுக்கும் கீழே மூன்றாவது மனிதர் ஒருவர் உண்டு. எல்லோரும் வருவதற்கு முன்னால் வந்து தரையைத் துடைத்துக் குப்பைக் கூடைகளைக் காலி செய்கிறவர். விடியுமுன் பஸ் அதிகம் ஓடாத நேரத்தில் அவர் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். மோட்டார் வாங்க அவருக்கு வசதியில்லை. அந்தக் கட்டடத்தில் சைக்கிள் யாருக்கு மிகவும் அவசியம் என்று கேட்டால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

அவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ஒரு நல்ல சட்டத்தின் விளைவுதான். பிரிட்டனில் குறைந்த பட்சக் கூலி என்று ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் இருபத்தொரு வயதானவர்களுக்கு அது மணிக்கு 12.21 பவுனாக நிர்ணயிக்கப்பட்டது. எந்தக் காரணத்தை முன்னிட்டும், தொழிலாளியே சம்மதித்தாலும், சம்பளத் தியாகத்தினால் கூலி அந்த வரம்புக்குக் கீழே போகக் கூடாது. ஏழையைக் காப்பாற்றும் நோக்கத்துடன் கட்டிய வேலி, ஏழையைச் சைக்கிளுக்கு வெளியே நிறுத்தி விட்டது. சரியாகக் குறைந்த பட்சக் கூலி வாங்குகிறவரின் கதி மட்டுமல்ல இது. வாரம் 37½ மணி வேலை செய்கிறவருக்கு மாதத்தில் சராசரி 162½ மணி. 80 பவுன் வாடகையை அதற்குப் பங்கிட்டால் மணிக்கு ஏறக்குறைய 49 பென்ஸ். வரம்புக்கு மேலே அந்த 49 பென்ஸ் இடைவெளி இல்லாதவர் யாரும் மேற்படி வண்டியைத் தொட முடியாது.

சொந்தத் தொழில் செய்கிறவருக்கும் இதில் இடமில்லை. சம்பளம் இல்லாத இடத்தில் தியாகம் ஏது? வேலையில்லாமல் வேலை தேடி அலைகிறவருக்கும் இல்லை.

கூட்டிப் பாருங்கள்: நான்கு வருஷம் பொறுக்கும் மேலதிகாரிக்கு அதே வண்டியில் 336 பவுன் மிச்சம். குமாஸ்தாவுக்கு 201.60. துடைப்பம் பிடிப்பவருக்குப் பூஜ்யம். வருமானம் ஏற ஏறத் தானமும் ஏறுகிறது. கர்ணன் இப்படிக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

2019 ஜூன் மாதத்தில் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சீர்திருத்தம் வந்தது. அதுவரையில் கடன் வாடகைச் சட்டத்தின் சிக்கலினால் பெரும்பாலான இடங்களில் 1,000 பவுனுக்கு மேற்பட்ட வண்டி எடுக்க முடியாமலிருந்தது. மின்சாரச் சைக்கிள்களும் சாமான் ஏற்றும் பெரிய சைக்கிள்களும் அந்த விலைக்கு அகப்படுவது அரிது. நிதித் துறை அதிகாரிகளின் அனுமதி பெற்ற கம்பெனிகள் மூலமாக எடுத்தால் விலைக்கு உச்சவரம்பில்லை என்று புதிய விளக்கம் வெளியாயிற்று. முழங்கால் வலியுள்ளவர்களுக்கும் மேட்டு ஊர்க்காரர்களுக்கும், குழந்தைகளை ஏற்றிச் செல்லும் தாய்மார்களுக்கும் இது பெரிய உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் கூரையை உயர்த்தினார்களே தவிர, வாசற்படியைத் தாழ்த்தவில்லை.

* * *

வேறு தேசங்களில் என்ன செய்கிறார்கள்?

பக்கத்தில் அயர்லாந்து 2009-ம் வருஷத்தில் இதே மாதிரி ஏற்பாட்டைத் தொடங்கியது. அங்கே வண்டி முதலிலிருந்தே தொழிலாளிக்குச் சொந்தம். அட்டவணை, முன்பணம், மூன்று வருஷக் காத்திருப்பு ஒன்றும் இல்லை. ஆனால் விலைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்: 2020-ல் சாதாரணச் சைக்கிளுக்கு 1,250 யூரோ, மின்சாரச் சைக்கிளுக்கு 1,500 என்றும், 2023-ல் சாமான் சைக்கிளுக்கு 3,000 என்றும் ஏற்படுத்தினார்கள். பணக்காரருக்கு அதிகம் என்ற குறை அங்கேயும் உண்டு.

பெல்ஜியத்துக்காரர்களின் யோசனை வேறு. அவர்கள் வண்டியை விட்டு விட்டு வழியைக் கணக்கிடுகிறார்கள். சைக்கிளில் வேலைக்கு வருகிறவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் முதலாளி படி கொடுக்கிறார். 2023 மே மாதம் முதல், வேறு ஒப்பந்தம் இல்லாத தனியார் தொழிற்சாலைகளிலும் கிலோமீட்டருக்கு 27 சென்ட் உண்டு என்று ஏற்பாடாயிற்று. இந்தப் படி அந்தஸ்தைப் பார்ப்பதில்லை. மானேஜர் மிதித்தாலும் பத்துக் கிலோமீட்டர் பத்துக் கிலோமீட்டர்தான். தரை துடைப்பவர் மிதித்தாலும் அதேதான்.

போர்ச்சுகல் இன்னும் சுலபமான வழியைப் பிடித்தது. ஐரோப்பிய யூனியன் 2022-ல் அனுமதி கொடுத்ததும், 2023 தொடக்கத்தில் சைக்கிளின் விற்பனை வரியை 100-க்கு 6 ஆகக் குறைத்து விட்டது. கடைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் சகாயம் அவருக்கு உண்டு. மாணவனுக்கு உண்டு, பென்ஷன்காரருக்கு உண்டு, சொந்தத் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவளுக்கும் உண்டு.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, பிரிட்டிஷ் ஏற்பாட்டை எடுத்தெறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மோட்டாரை விட்டுச் சைக்கிளில் ஏறும் ஒவ்வொருவரும் தெருவுக்கு உபகாரம் செய்கிறவரே. ஆனால் பொது நன்மையின் பெயரால் விட்டுக் கொடுக்கும் வரிப் பணம், அது மிகவும் தேவைப்படுகிறவரின் வாசலைத் தாண்டிப் போகிறதென்றால், அந்தத் தானத்தின் விலாசத்தில் எங்கேயோ பிசகு இருக்கிறது. சலுகை கொடுப்பது நிஜம் என்றால், சம்பளத்தில் பிடிக்க முடியாதவருக்கு அதே தொகையை நேரே சைக்கிள் கடைச் சீட்டாகக் கொடுப்பதில் என்ன தடை?

அது எப்போது நடக்குமோ, தெரியாது. அதுவரையில், அந்தத் தேசத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் பெண்களும் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகள் கேட்கட்டும். வாடகைக் காலம் முடிந்ததும் வண்டிக்கு என்ன விலை, எப்போது கொடுக்க வேண்டும்? வேலையை விட்டால் என்ன ஆகும்? திருட்டுப் போனால் யார் பொறுப்பு? பென்ஷனும் பிரசவப் படியும் பழைய சம்பளத்தின் மேலா, குறைந்த சம்பளத்தின் மேலா? நான்குக்கும் தெளிவான பதில் எழுத்தில் வந்தால், தாராளமாக வண்டியை எடுக்கலாம்.

ஐந்தாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. "தரை துடைக்கிறவருக்கும் இது உண்டா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆபீஸ் குமாஸ்தா அல்ல. என்றாலும் பலர் கேட்கக் கேட்கத்தான் அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.